பெல்லி டான்ஸ்: வெட்கப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்

சென்னையில் தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் ஜூம்பா, ஏரோபிக்ஸ் வகுப்புகளோடு பெல்லி டான்ஸும் கற்றுத்தருகிறார்கள். சேர நினைக்கும் பெண்களை இரண்டு பேச்சுகள் குழப்புகின்றன. ‘குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பது ஒன்று. ‘மூன்றே மாதத்தில் தொப்பை கரையும், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) சரியாகிவிடும்’ என்பது மற்றொன்று. இரண்டையுமே நம்ப வேண்டியதில்லை.

எங்கிருந்து வந்தது?

எகிப்தில் இதன் பெயர் ‘ரக்ஸ் ஷர்கி’. வீட்டு விசேஷங்களில் பெண்கள் ஆடிய ஆட்டமும், கவாஸி என்ற தொழில்முறை ஆட்டக்காரப் பெண்களின் கலையும் இதற்கு வேர். 1834-ல் ஆட்சியாளர் முகமது அலி அந்தப் பெண்களை கெய்ரோவை விட்டு வெளியேற்றினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சி இதைக் கவர்ச்சிக் காட்சியாக்கிக் காசு பார்த்தது. 1926-ல் நடனக் கலைஞர் பதியா மசப்னி கெய்ரோவில் தொடங்கிய அரங்கில்தான் இது மேடைக்கலையாக வளர்ந்தது. தாஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்ற நட்சத்திரங்கள் அங்கே உருவானவர்கள். சதிர் ஆடிய பெண்களை ஒதுக்கிவிட்டு, அதே ஆட்டத்தைப் பரதநாட்டியமாகக் கொண்டாடிய சென்னைக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. ஆட்டத்தின் மீது களங்கம் எதுவும் இல்லை. அதை ஆடியவர்கள் மீது பிறர் சுமத்தியதுதான் களங்கம்.

உடலுக்கு என்ன கிடைக்கும்?

வயிறு, விலா, முதுகு, இடுப்புத் தசைகள் தனித்தனியாக வேலை செய்கின்றன. குதிப்பது குறைவு என்பதால் மூட்டுகளுக்கு அதிர்ச்சியும் குறைவு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஒரு மணி நேர வகுப்புகளும் அரை மணி நடையும் அந்தக் கணக்கை நிறைத்துவிடும். 2014-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இதை ஆடும் பெண்கள் மற்ற பெண்களைவிடத் தங்கள் உடலைக் கூடுதல் மதிப்போடு பார்ப்பது தெரியவந்தது.

ஆனால் எந்தப் பயிற்சியும் வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது. பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி துணை நிற்கும், நோயைத் தீர்க்காது. வகுப்பை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், சமீபத்தில் சிசேரியன் ஆனவர்கள், டிஸ்க் பிரச்சினையோ கர்ப்பப்பை இறக்கமோ உள்ளவர்கள், இருமினால் சிறுநீர் கசிகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே சேர வேண்டும். ஆடும்போது வலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்துங்கள். சந்தேகம் கேட்க, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருந்து இயங்கும் 104 மருத்துவ ஆலோசனைச் சேவையை அழைக்கலாம்.

பணம் போனால்?

கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொய் வாக்குறுதி தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வகுப்பை நடத்தாமல் பணத்தையும் திருப்பித் தராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை.

அத்துமீறினால்?

இடுப்பசைவைத் திருத்த ஆசிரியர் தொட வேண்டுமென்றால் முன்கூட்டியே உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 ஊழியர்களை மட்டுமல்ல, பயிற்சிக்கு வரும் பெண்களையும் காக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலோ, உரிமையாளர் மீதே புகார் என்றாலோ, ஆட்சியர் அமைத்துள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுங்கள்.

உடை மாற்றும்போது ரகசியமாகப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ஆபாசப் பதிவு இணையத்தில் வந்தால், பெயர் சொல்லாமலேயே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தெரிவிக்கலாம். உடனடி உதவிக்கு மகளிர் உதவி எண் 181.

சேரும் நாளிலேயே மூன்றைக் கேளுங்கள்: ஆசிரியர் எங்கே பயின்றார், வீடியோ எடுப்பார்களா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் தருகிற இடத்தில் தைரியமாகச் சேருங்கள். மழுப்புகிற இடத்துக்கு ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.