குறு கோல்ஃப் மைதானமும் நெடிய ஓய்வுக்காலமும்

பணி ஓய்வு பெறுவோர் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து செய்யும் செலவுகளுள் மிகப் பெரியது வீடு. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுள், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ நிலைத்துவிட்ட மூத்த தம்பதியர், சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களை ஒட்டி எழுந்துள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகளை நாடத் தொடங்கியுள்ளனர். மருத்துவ உதவி, பொதுச் சமையற்கூடம், கோயில், நூலகம் என்ற வசதிகளின் வரிசையில், கோல்ஃப் என்ற சொல்லும் அவர்கள் கண்ணில் படுகிறது. வாழ்நாளில் ஒருமுறையேனும் கோல்ஃப் மட்டையைத் தொட்டிராத ஒருவர் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதாயின் எத்தகைய மைதானத்திற்குக் கொடுப்பது தகும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறு மைதானம் என்பது யாது?

முழு அளவிலான கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். அவற்றின் மொத்த நீளம் பொதுவாக 6,000 முதல் 7,000 யார்டு வரை. ஒவ்வொரு குழிக்கும், தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை அடிகளில் பந்தை உள்ளே செலுத்துவார் என்ற கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். முழு மைதானம் ஒன்றின் பார் பெரும்பாலும் 70 முதல் 72 வரை அமையும். ஓர் ஆட்டத்தை முடிக்க நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நிலமும் 100 ஏக்கருக்குக் குறையாமல் வேண்டியிருக்கும்.

குறு மைதானங்கள் பல வகைப்படும். எல்லாக் குழிகளும் மூன்று அடிகளுக்கு உரியவையாக அமைந்தது 'பார் 3' மைதானம். அதனினும் சிறியது, இரண்டு மூன்று மட்டைகளைக் கொண்டே ஆடக்கூடிய 'பிட்ச் அண்டு பட்' மைதானம். மூன்றடிக் குழிகள் மிகுதியாகவும் நான்கடிக் குழிகள் சிலவாகவும் அமைந்தது 'எக்ஸிகியூட்டிவ்' மைதானம். அலுவல் மிகுந்தோரும் விரைவில் ஆடி முடிக்கலாம் என்பதால் வந்த பெயர் அது. ஒன்பது குழிகள் கொண்ட 'பார் 3' மைதானத்தை 10 முதல் 20 ஏக்கரில் அமைத்துவிடலாம்; ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் ஆடியும் முடிக்கலாம்.

குறுமை என்பதனால் எளிமை என்று கொள்ளலாகாது. திருமலைக்கு நடந்து ஏறும் இரு பாதைகளை நம் வாசகர்கள் அறிவர். அலிபிரிப் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் உடையது. ஸ்ரீவாரி மெட்டுப் பாதை இரண்டு கிலோமீட்டரைச் சற்றே கடக்கும், படிகள் 2,388. தொலைவு குறைகிறது, ஏற்றமோ செங்குத்தாகிறது. குறு மைதானமும் அத்தகையதே. வலிமை கொண்டு பந்தை நெடுந்தொலைவு அடிக்க வேண்டிய தேவை அங்கே குறைகிறது. குறிபார்த்து மெல்ல அடிக்கும் நுட்பம் கூடுதலாக வேண்டப்படுகிறது. அமெரிக்காவின் அகஸ்டா நகரில், மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறும் புகழ்பெற்ற மைதானத்தை ஒட்டி 1958ஆம் ஆண்டு ஒரு 'பார் 3' மைதானம் அமைக்கப்பட்டது. 1960 முதல், பெரும்போட்டிக்கு முந்தைய நாளில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அச்சிறு மைதானத்தில் போட்டியிட்டு வருகின்றனர்.

முதுமையும் கோல்ஃபும் இணைந்த வரலாறு

கோல்ஃப் நம் நாட்டுக்குப் புதியதன்று. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829ஆம் ஆண்டிலும், பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876ஆம் ஆண்டிலும் தோன்றியவை. கொடைக்கானலில் 1895ஆம் ஆண்டு கோல்ஃப் கிளப் நிறுவப்பட்டது. ஆயினும் இவை உறுப்பினர்களுக்கு உரிய மன்றங்களாகவே வளர்ந்தன. ஓய்வு பெற்றோர் குடியிருப்பின் நடுவே மைதானத்தை அமைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதாகும்.

டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே, 1960 ஜனவரி 1ஆம் நாள் 'சன் சிட்டி' என்ற குடியிருப்பைத் திறந்தார். அன்று அங்கே இருந்தவை ஐந்து மாதிரி வீடுகள், ஒரு கடைத்தொகுதி, ஒரு பொழுதுபோக்கு மையம், ஒரு கோல்ஃப் மைதானம். வீட்டை மட்டுமன்றி, ஓய்வுக்குப் பின் நாளை எவ்வாறு கழிப்பது என்பதற்கான விடையையும் சேர்த்தே அவர் விற்றார். பின்னர் ஃபுளோரிடா மாநிலத்தில் வளர்ந்த 'தி வில்லேஜஸ்' என்ற பெருங்குடியிருப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்பது குழிகள் கொண்ட குறு மைதானங்கள். அவற்றில் நடந்து ஆடும் குடியிருப்போர் தனிக் கட்டணம் செலுத்துவதில்லை. மாதந்தோறும் செலுத்தும் வசதிக் கட்டணத்திலேயே அது அடங்கிவிடுகிறது.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டுக்குப் பின் பல்லாண்டுகள் தொடர்ந்து, புதிதாகத் திறக்கப்பட்ட மைதானங்களைவிட மூடப்பட்டவையே மிகுதி. ஆடுவோர் குறைந்தபோதும் புல்லை வெட்டும் செலவும் நீர் பாய்ச்சும் செலவும் குறையவில்லை. மைதானம் மூடப்பட்ட இடங்களில், அதன் காட்சிக்காகவே கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கியோர் இழப்புக்கு ஆளாயினர்.

முதியோரை ஈர்ப்பது எது?

முதலாவது, நேரமும் தொலைவும் உடலுக்கு ஏற்ற அளவில் அமைவது. 65 வயதைக் கடந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்றும், உடற்சமநிலையைப் பேணும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒன்பது குழிகளை நடந்தே இருமுறை ஆடினால் அந்த 150 நிமிடம் ஏறத்தாழ நிறைவுறும். ஸ்வீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பற்றி நடத்தப்பெற்று 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அதே வயதும் பாலினமும் சமூக நிலையும் உடைய பிறரைவிட அவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு என்று கண்டது. நலமுடையோரே ஆடவருவர் என்பதால் இப்பயன் முழுவதையும் ஆட்டத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. எனினும் நடையும் திறந்தவெளியும் நண்பர் கூட்டமும் ஒருங்கே கிடைப்பது சிறிய நன்மையன்று.

இரண்டாவது, தோல்வியுணர்வின்றி ஆட முடிவது. முழு மைதானத்தில் 400 யார்டு நீளமுள்ள குழியை, எழுபது வயதைக் கடந்த ஒருவர் இரண்டு அடிகளில் எட்டுவது அரிது. ஆட்டம் முழுவதும் இளையோரின் பின்னே நடப்பவராகவே அவர் இருப்பார். 90 யார்டுக் குழியில் அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. தாத்தாவும், விடுமுறைக்கு வந்த பேத்தியும், இதுவரை ஆடியறியாத பாட்டியும் ஒன்றாக ஆடலாம். யார் வெல்வார் என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுவதில்லை.

மூன்றாவது, குறு மைதானம் இப்போது பெற்றுள்ள முறையான தகுதி. வெவ்வேறு திறனுடையோர் சமநிலையில் போட்டியிட உதவும் கணக்கே 'ஹேண்டிகேப்'. முன்பு 18 குழிகளுக்கு 3,000 யார்டுக்குக் குறைந்த மைதானங்களில் ஆடியோருக்கு அக்கணக்கில் இடமில்லை. 2024ஆம் ஆண்டு முதல் உலக ஹேண்டிகேப் முறையில் அவ்வெல்லை 1,500 யார்டாகவும், ஒன்பது குழி மைதானத்திற்கு 750 யார்டாகவும் குறைக்கப்பட்டது. குறு மைதானத்தில் மட்டுமே ஆடும் முதியவரும் இன்று உரிய மதிப்பீட்டைப் பெறலாம்.

இந்நன்மைகளோடு இரண்டு எச்சரிக்கைகளையும் கூறுதல் கடன். மட்டையைச் சுழற்றும் அசைவு இடுப்பையும் தோளையும் வருத்தக்கூடியது. முதுகுவலி, இதய நோய் உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். நம் பகுதியைப் போன்ற வெப்ப நிலங்களில் மார்ச் முதல் ஜூன் வரை காலை எட்டு மணிக்குப் பின் ஆடுவது உகந்ததன்று. நான்கு மணி நேர ஆட்டம் வெயிலுக்குள் நீளும். குறு ஆட்டத்தை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழேகாலுக்கு வீடு திரும்பிவிடலாம்.

நிலமும் நீரும்

கல்யாணி அணையையும் தெலுங்கு கங்கையையும் குடிநீருக்கு நம்பியிருக்கும் திருப்பதி மக்களுக்கும், ஆழ்துளைக் கிணறுகள் வறண்ட கோடைகளைக் கண்ட சித்தூர் மக்களுக்கும் நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. புல்தரை நாள்தோறும் நீர் கேட்பது. நூறு ஏக்கர் புல்லுக்கும் பத்து ஏக்கர் புல்லுக்கும் உள்ள வேறுபாடு நீர்க் கணக்கில் நேராக வெளிப்படும். குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரித்தே சிறு மைதானமொன்றின் தேவையில் பெரும்பகுதியை ஈடுசெய்யத் திட்டமிடலாம். முழு மைதானத்திற்கு அவ்வாறு போதுமான நீர் கிடைக்க, மிகப் பெரிய குடியிருப்பு வேண்டும். எனவே மைதானத்திற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் வினாக்களுள் ஒன்று. நீர் தட்டுப்படும் ஆண்டில், லாரி நீருக்கான செலவு குடியிருப்போரின் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து சேரும்.

கட்டணக் கணக்கு

வீட்டின் விலை ஒருமுறை செலுத்தப்படுவது. பராமரிப்புக் கட்டணம் வாழ்நாள் முழுவதும் செலுத்தப்படுவது. இரண்டாவதே பலரின் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் முதலீடு செய்யக்கூடிய உச்சவரம்பு, 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் ரூபாய். ஆண்டு வட்டி 8.2 சதவீதம் என்று கொண்டால், காலாண்டுக்கு 61,500 ரூபாய் கிடைக்கும். அதாவது மாதத்திற்கு 20,500 ரூபாய். குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் இன்று மாதம் 10,000 ரூபாய் என்றும், அது ஆண்டுதோறும் 7 சதவீதம் உயர்கிறது என்றும் கொள்வோம். இன்று வட்டியில் ஏறத்தாழப் பாதியே கட்டணத்திற்குச் செல்கிறது. பத்து ஆண்டுகள் கழித்துக் கட்டணம் சுமார் 19,700 ரூபாயாகிறது. பதினோராம் ஆண்டு முடிவில் அது 21,000 ரூபாயைக் கடக்கிறது. வட்டி விகிதம் சிறிதும் குறையாதிருந்தாலும், அறுபத்திரண்டு வயதில் குடிபுகுந்தவருக்கு எழுபத்து மூன்று வயதில் அவ்வட்டி முழுவதும் கட்டணத்திற்கே போதாமற் போகிறது. மருத்துவச் செலவு மிகும் வயதும் அதுவே. தவிர, மாதக் கட்டணம் 7,500 ரூபாயைக் கடக்கும்போது ஜிஎஸ்டி வரியும் சேரக்கூடும். உங்கள் குடியிருப்புக்கு அது பொருந்துமா என்பதையும் கேட்டறிதல் நலம்.

இக்கணக்கில் மைதானத்தின் பங்கு எவ்வளவு என்பதே நம் வினா. பெரிய மைதானம், ஆடுவோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் செலவைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். குறு மைதானத்தின் செலவோ, அதனைக் குடியிருப்போரே தாங்கக்கூடிய அளவில் அமையும். ஆட்டம் நின்றுபோனாலும், அச்சிறு நிலத்தை நடைபாதையாகவோ பூங்காவாகவோ மாற்றிக்கொள்வது அரிதன்று.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

முதலாவதாக, மைதானம் யாருடைய உடைமை என்பதைக் கேளுங்கள். அது குடியிருப்போர் சங்கத்திற்கு ஒப்படைக்கப்படுமா, கட்டுமான நிறுவனத்திடமே இருக்குமா, வெளியாருக்கும் திறக்கப்படுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, திட்டம் ரெரா ஆணையத்தில் பதிவு பெற்றுள்ளதா என்பதையும், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் மைதானம் காட்டப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். விளம்பரத் தாளில் மட்டும் உள்ள மைதானத்தை நம்பிப் பணம் கட்டலாகாது. ஓய்வுக்கால இல்லங்களுக்கென மத்திய அரசு 2019ஆம் ஆண்டு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஒப்பந்தத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

மூன்றாவதாக, கடந்த மூன்று ஆண்டுகளின் பராமரிப்புக் கணக்கைக் கேளுங்கள். அதில் புல்தரைக்கும் நீருக்கும் ஆன செலவு தனியே காட்டப்பட்டுள்ளதா என்று நோக்குங்கள். ஆடாதவரும் செலுத்த வேண்டுமா, ஆடுவோர் மட்டும் செலுத்தினால் போதுமா என்பதையும் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள்.

நான்காவதாக, விடுமுறை நாளில் செல்லாமல், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு மைதானத்தைச் சென்று பாருங்கள். எத்தனை பேர் ஆடுகின்றனர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், எழுபத்தைந்தைக் கடந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை, விற்பனையாளர் கூறும் எதனையும்விட நம்பத்தக்கது.

நிறைவாக

குறு கோல்ஃப் மைதானத்தின் சிறப்பு கோல்ஃபில் மட்டும் அடங்கியதன்று. காலையில் எழுந்து வெளியே செல்ல ஒரு காரணம், குறித்த நேரத்தில் காத்திருக்கும் நண்பர்கள், உடல் தாங்கும் அளவான உழைப்பு, சேமிப்பு தாங்கும் அளவான செலவு ஆகிய நான்கும் அதில் ஒன்றுசேர்கின்றன. வேறு குடியிருப்புகளில் இந்நான்கையும் ஒரு நடைபாதையோ, இறகுப்பந்துக் களமோ, காய்கறித் தோட்டமோ தரக்கூடும். சொந்த ஊரை விட்டு நீங்க விரும்பாதோரும் தம் தெருவிலேயே அவற்றைத் தேடிக்கொள்ளலாம்.

அறுபது வயதில் வீடு தேடுவோர், எண்பது வயதில் தாம் அங்கே எவ்வாறு வாழ்வோம் என்பதை எண்ணித் தேட வேண்டும். வீட்டு வாசலிலிருந்து பிறர் துணையின்றி நடந்து சென்று, வெயில் ஏறுமுன் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அமைந்த வசதி எதுவோ, அதற்குச் செலுத்தும் பணமே பயனுள்ள பணம். மாத வருவாயையும் கட்டண உயர்வையும் ஒப்பிட்டுக் கணக்கிட விரும்புவோர், குடியிருப்பின் கட்டண அட்டவணையுடன் தம் கிளையை அணுகலாம். முன்பணம் செலுத்துவதற்கு முன்னரே அணுகுவது நன்று.