கோதுமையும் சிடுசிடுப்பும்

பொறாமையை வயிற்றெரிச்சல் என்றும் அச்சத்தை வயிற்றில் புளியைக் கரைப்பது என்றும் சொல்லிப் பழகிய தமிழர்களுக்கு, மனம் கலங்கினால் வயிறும் கலங்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இதன் மறுதலை, அதாவது வயிறு கெட்டால் குணமும் கெடும் என்பது, அவ்வளவு எளிதில் மெய்ப்பிக்கத்தக்கதன்று. அதற்கு ஐயமற்ற சான்றாக நிற்கும் மிகச் சில நோய்களுள் ஒன்று சீலியாக் நோய்.

பரோட்டா மாவை வீசும்போது அது கிழியாமல் மெல்லிய துணிபோல் விரிவதற்குக் காரணமான கோதுமைப் புரதமே குளூட்டன் எனப்படுவது. இதையொத்த புரதங்கள் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உண்டு. மரபணு வழியாக இந்நோய்க்கு இடமுள்ள சிலரின் உடலில், நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய தற்காப்பு அமைப்பு இப்புரதத்தைப் பகையாகக் கருதிக் கிளர்ந்தெழுந்து, தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவர் தேங்காய்ப்பூத் துண்டைப் போல எண்ணற்ற நுண்ணிழைகள் கொண்டது. சத்தை உறிஞ்சும் இவ்விழைகள் குடலுறிஞ்சிகள் எனப்படும். நோய் முற்றும்போது அவை தேய்ந்து தட்டையாகிவிடுவதால், உண்ட உணவு உடலில் சேராமல் கழிந்து, குழந்தையின் வயிறு உப்பி, கைகால்கள் மெலிந்து, வளர்ச்சி தடைப்படுகிறது. உண்ட சில நிமிடங்களிலேயே தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்கக்கூடிய ஒவ்வாமையோ, பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருப்பதால் வரும் உப்புசமோ இதுவன்று. இது மாதக்கணக்கில் ஓசையின்றி வேலை செய்வது.

இந்நோயின் வரலாறு விந்தையானது. 1888இல் இதைத் தெளிவாக விவரித்த இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, இது தீருமாயின் உணவாலேயே தீர வேண்டும் என்று கருதினார்; ஆயினும் எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. டச்சு நாட்டுக் கடற்சிப்பிகளை நாள்தோறும் உண்டு தேறிய ஒரு குழந்தை, சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்தது என்றும், அடுத்த பருவத்தில் அதை எவ்வளவு வற்புறுத்தியும் தின்ன மறுத்துவிட்டது என்றும் அவரே குறித்திருக்கிறார். 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவால் பிள்ளைகளைத் தேற்றிப் புகழ்பெற்றார். சிப்பியிலும் வாழைப்பழத்திலும் மருந்து ஏதும் இல்லை; அவற்றை உண்ட வயிற்றில் ரொட்டிக்கு இடமில்லாமற்போனதே மருந்தாயிற்று. இதை உணர்ந்தவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் இப்பிள்ளைகள் தேறுகிறார்கள் என்ற ஐயம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு இருந்தது; 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அரிதானபோது நோயுற்ற பிள்ளைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நலிந்ததும் அதை வலுப்படுத்தின. 1950இல் தம் ஆய்வேட்டில் அவர் இதை நிறுவினார்.

எடைக் குறைவைவிடவும் கருதத்தக்கது இப்பிள்ளைகளின் குணமாற்றம். எதற்கெடுத்தாலும் அழுவதும், விளையாட்டில் நாட்டமின்றி ஒதுங்குவதும், ஓயாத சிடுசிடுப்பும் பல பிள்ளைகளிடம் நோயின் அடையாளங்களாகவே காணப்படுகின்றன. குளூட்டனை நீக்கிய பின், எடை கூடுவதற்கு முன்பாகவே முகம் தெளிவடைவதும் உண்டு. பிடிவாதக்காரப் பிள்ளை என்று அடித்துத் திருத்தப்பட்ட குழந்தைகளுள் எத்தனை பேருக்குக் குடல் புண்பட்டிருந்ததோ என்ற கேள்வி இங்கே எழாமற்போகாது.

இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உடலில் சேராமையால் வரும் சோர்வு இக்குணமாற்றத்துக்கு ஒரு காரணம். அழற்சியின்போது குருதியில் பெருகும் வேதிச் செய்திகள் மூளையை எட்டி, காய்ச்சல்காரரிடம் காணும் வெறுப்பையும் ஒதுக்கத்தையும் உண்டாக்குவது மற்றொன்று. மேலும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளுள் பெரும்பான்மை மூளையின் ஆணையைக் கீழே கொண்டுசெல்பவையல்ல, வயிற்றின் செய்தியை மேலே சேர்ப்பவை. உடலிலுள்ள, மனநிலையோடு இணைத்துப் பேசப்படும் செரோடோனின் என்னும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உள்ளது என்பதும் உண்மையே. எனினும் அது மூளைக்குள் நேராகப் புக முடியாததால், குடலைத் தூய்மையாக்கினால் மகிழ்ச்சி ஊறும் என்று விற்கப்படும் பொடிகளுக்கு அச்செய்தி சான்றாகாது.

இந்தியாவில் இந்நோய் கோதுமை உண்ணும் வடபகுதிகளில் நூற்றுக்கு ஒருவர் அளவிலும், தென்பகுதியில் பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவிலும் காணப்பட்டதாக, வேலூரும் உள்ளடங்கிய ஓர் ஆய்வு 2016இல் தெரிவித்தது. சோற்றை நம்பிய ஊர்களில் இரவுணவு சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாறிவரும் இக்காலத்தில், இந்த நோய் இங்கில்லை என்று மருத்துவர்கள் கைவிரிப்பது பொருந்தாது. நோயுள்ள வீட்டிலோ, ரவையை ஒதுக்கிய பின்னும், கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் வழியாகக் குளூட்டன் சாம்பாருக்குள் நுழைந்துவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு பரவியுள்ளது. பிள்ளையின் துடுக்குத்தனத்துக்கும் பெரியவர்களின் மனச்சோர்வுக்கும் கோதுமையே காரணம் என்று தாமே முடிவுகட்டி, பரிசோதனைக்கு முன்பே அதை நிறுத்திவிடுவோர் பலர். சீலியாக் நோயைக் காட்டும் குருதிச் சோதனை, குளூட்டனுக்கு எதிராகக் கிளர்ந்த உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுவது. கோதுமை நின்றால் அவை மெல்லக் குறைந்து, குடலுறிஞ்சிகளும் மீண்டும் வளர்ந்து, நோயாளியின் குருதியும் திசுவும் நோயற்றவருடையவை போலத் தோன்றக்கூடும். அத்தகையோர் உண்மையை அறிய வேண்டுமாயின், மருத்துவர் மேற்பார்வையில் மறுபடியும் பல வாரங்கள் கோதுமையைத் தின்று, விட்ட உபாதையையும் சிடுசிடுப்பையும் வரவழைத்துக்கொண்டு சோதனைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.