ஊர் கூடி இழுக்கும் தேர்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் நம் திருவண்ணாமலை மாட வீதிகளில் இரு காட்சிகளைக் காணலாம். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள் கரும்புத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்தி வலம் வருவார்கள். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். 'ஊர் கூடித் தேர் இழு' என்பர் பெரியோர். அந்தத் தொட்டில் குழந்தை நலமாகப் பிறப்பதற்கும் ஊர் கூடத்தான் வேண்டும்.

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சன்று. 1890களில் திண்டிவனத்தில், ஆண் மருத்துவரை அனுமதிக்க வீட்டார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவ வேதனையில் மாண்டனர். அதைக் கண்டு மனம் கலங்கிய அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர், தாமே மருத்துவம் பயின்று 1900-இல் நம் பக்கத்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் அமைத்தார்.

நம் திருச்சபையில் அந்நாளில் கன்னியர் பிரசவம் பார்க்கச் சட்டம் இடந்தரவில்லை. பொதுவான அனுமதி 1936-இல்தான் உரோமையிலிருந்து வந்தது. அதற்கு முன்பே ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி தனி அனுமதி பெற்று, 1920-இல் குண்டூருக்கு வந்து, கன்னியராகவும் மருத்துவராகவும் தொண்டாற்றினார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் சங்கத்தையும் தோற்றுவித்தார்.

எனினும் தொண்டுள்ளம் மட்டும் எல்லா ஊர்களையும் எட்டிவிடாது. அரசிடம் நிதியும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு. தனியாரிடம் ஆள் திறனும் நிர்வாகப் பழக்கமும் உண்டு. இரண்டும் கைகோத்ததற்கு நாம் அறிந்த சான்று 108 ஆம்புலன்ஸ். 2005-இல் ஐதராபாத்தில் தனியார் முயற்சியாகத் தொடங்கிய இச்சேவை, 2008-இல் தமிழகத்திற்கு வந்தது. செலவை அரசு ஏற்கிறது. வண்டிகளை நடத்தும் பொறுப்பு தனியார் நிறுவனத்துடையது. அழைப்பு வந்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அருகிலுள்ள வண்டிக்குச் செய்தி செல்லும். வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால் பிரசவம் பார்க்கவும் பயிற்சி பெற்ற உதவியாளர் அதில் இருப்பார். நோயாளி ஒரு காசும் தர வேண்டியதில்லை.

2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அன்று தனியார் மருத்துவர்களும் ஊதியம் பெறாமல் வந்து உதவலாம். ஒன்பது மாதம் சுமப்பவளுக்கு ஒன்பதாம் தேதி! இரத்தச் சோகையும் இரத்தக் கொதிப்பும் முன்னரே தெரிந்தால் பாதி ஆபத்து விலகும்.

ஆனால் தேருக்கு வடம் பிடிப்போர் மட்டும் போதுமா? சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவோரும் வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெருமையே. அதே கணக்கெடுப்பில், அறுவைச் சிகிச்சைப் பிரசவம் அரசு மருத்துவமனைகளில் நூற்றுக்கு 36. தனியாரிடமோ ஏறத்தாழ 64! தேவையான அறுவை உயிர் காக்கும். தேவையற்றது தாயின் உடலுக்கும் குடும்பத்தின் பணப்பைக்கும் சுமை. ஆகவே தனியாருடன் கூட்டுச் சேரும் அரசு, கணக்குக் கேட்கும் உரிமையை விட்டுவிடலாகாது.

இக்கூட்டுறவின் உண்மையான தேர்வு நகரத்தில் இல்லை, நம் ஜவ்வாது மலையில் இருக்கிறது. வண்டி ஏற முடியாத பாதை உள்ள குக்கிராமத்தில் 108 என்ன செய்யும்? சாலை போடும் துறை, கிராமச் செவிலியர், தொண்டு நிறுவனம், வண்டி ஓட்டுநர் ஆகிய எல்லோரும் சேர்ந்தால்தான் அங்குள்ள தாய் வேளையோடு மருத்துவமனை சேர்வாள்.

தோழியரே, ஜெபமாலையின் இரண்டாம் சந்தோஷ தேவ இரகசியத்தை நாம் எத்தனை முறை தியானித்திருக்கிறோம்! கர்ப்பவதியான எலிசபெத்தம்மாளைக் காண நம் அன்னை மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். மூன்று மாத காலம் உடனிருந்தார். நாளை நம்மில் சிலர் மருத்துவராவோம், சிலர் செவிலியராவோம், சிலர் அதிகாரிகளாவோம். எப்பணியில் இருந்தாலும் மலையேறிச் செல்லத் தயங்காதிருப்போம். கரும்புத் தொட்டில்கள் பெருகட்டும். அவற்றைச் சுமக்கும் தாய்மாரும் நலமுடன் வாழட்டும்.