மலையகமும் மின்காந்த ஆபத்தும்

2023 டிசம்பர் 9ஆம் திகதி மாலை முழு இலங்கையும் இருளில் மூழ்கியது. கொத்மலையிலிருந்து பியகமவுக்குச் செல்லும் 220 கிலோவோல்ட் மின்கடத்தற் பாதையில் ஏற்பட்ட கோளாறே அதன் தொடக்கமாகும். மின்னல் தாக்கமே காரணமென அப்போது கூறப்பட்டது. 2021 டிசம்பர் 3ஆம் திகதியும் இதே பாதையின் கோளாறு நாட்டை இருளாக்கியமை வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

மின்காந்த ஆபத்து எனும்போது சூரியப் புயலும் அணுவாயுத வெடிப்புமே பலரது நினைவுக்கு வருகின்றன. 1989 மார்ச்சில் சூரியப் புயலொன்றினால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 இலட்சம் மக்கள் 9 மணித்தியாலங்கள் மின்சாரமின்றித் தவித்தனர். எனினும், துருவங்களை அண்டிய நாடுகளோடு ஒப்பிடுகையில் நிலநடுக்கோட்டை அண்டிய எமது மின்வலையமைப்புக்கு அவ்வாபத்து குறைவாகும். எது அடிக்கடி நிகழக்கூடியது, நிகழ்ந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுவதே ஆபத்தை மதிப்பிடுவதாகும். அக்கணக்கில் மலையகத்தில் முதலிடம் பெறுவது மின்னலே.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் இடிமின்னல் மிகும். மலைப்பாங்கான பாறை நிலத்தில் நல்ல புவித்தொடுப்பு எளிதில் அமைவதில்லை. ஆதலால், கோபுரத்தைத் தாக்கும் மின்னல் நிலத்துள் இறங்க வழியின்றி மின்கம்பிக்குத் தாவக்கூடும். உடனே காப்புக் கருவிகள் அப்பாதையைத் துண்டிக்கும். அப்பாதை சுமந்த மின்சாரத்தை ஏனையவற்றால் ஈடுசெய்ய இயலாதபோது முழு வலையமைப்பும் சரிகின்றது.

தலவாக்கலையின் மேல் கொத்மலை நிலையமும் நோர்ட்டன் பிரிட்ஜின் விமலசுரேந்திர நிலையமும் நாட்டுக்கே ஒளி தருகின்றன. அவற்றின் அயலில் வாழும் தோட்ட மக்களின் லயன் அறைகளுக்கு என்ன காப்பு உண்டு? ட்ரிப் சுவிட்ச் மின்னதிர்ச்சியிலிருந்து உயிரைக் காக்குமேயன்றி, மின்னலால் கம்பிவழி வரும் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்காது. அதற்குத் தனியான காப்புக் கருவியும் முறையான புவித்தொடுப்பும் அவசியம்.

இது வெறும் மின்விளக்குப் பிரச்சினையன்று. மின்னல் மிகும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களே மண்சரிவு அச்சமும் மிகும் காலமாகும். தொலைபேசிக் கோபுரம் செயலிழந்தால் எச்சரிக்கை மக்களைச் சென்றடையாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மின்சாரமும் தொடர்பும் அற்றுப்போன மலையக ஊர்கள் பட்ட துயரை நாம் கண்டோம்.

எனவே, ஹற்றன், நுவரெலியா பகுதிகளின் வைத்தியசாலைகள், தொலைபேசிக் கோபுரங்கள், நீரேற்று நிலையங்கள் ஆகியவற்றின் புவித்தொடுப்பையும் மாற்று மின் ஏற்பாட்டையும் ஒவ்வொரு இடிமின்னல் பருவத்துக்கும் முன்னர் பரிசோதித்தல் வேண்டும். புதிய தோட்ட வீடமைப்புத் திட்டங்களிலும் மின்னெழுச்சிக் காப்பு இடம்பெறல் வேண்டும். கோவில்களும் பள்ளிவாசல்களும் தமது ஒலிபெருக்கிகளை மின்கலத்தில் இயங்கச் செய்துகொண்டால், தொலைபேசி மௌனிக்கும் வேளையில் அவையே ஊரின் குரலாகும்.

மின்னலைத் தடுக்க எவராலும் இயலாது. அதனால் விளையும் இழப்பைக் குறைக்க இயலும். நாட்டுக்கு ஒளி தரும் மலைகள் இருளில் தனித்துவிடப்படாதிருக்க, உரியவர்கள் அடுத்த பருவத்துக்கு முன்னரே செயற்படுவார்களென எதிர்பார்க்கின்றோம்.