ஆப்பிரிக்கப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகலாமா?

அமீர்பேட் மைத்ரிவனம் சந்திப்பில் நின்று பார்த்தால் கட்டிடம் தெரியாது, போர்டுகள்தான் தெரியும். கம்ப்யூட்டர், வங்கித் தேர்வு, முப்பது நாளில் ஆங்கிலம் என்று எல்லாம் இங்கே கற்றுத் தரப்படுகின்றன. இந்த வட்டாரத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் கடல் கடந்து போய்க் கற்றுத்தரக் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குச் சென்றேன்.

தந்தை தச்சுத் தொழிலாளி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகள் பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். கென்யாவில் ஒரு கிராமப் பள்ளியில் மூன்று மாதம் ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டு அவருக்குக் கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது. ஆனால் அனுப்புகிறவர்களுக்கு இவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். விமானக் கட்டணம் தனி. தந்தை சீட்டை எடுத்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

"தொண்டு செய்யப் போகிற பிள்ளைகிட்ட எதுக்குத் தம்பி பணம்?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இக்கட்டுரை.

முன்பே போனவர்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நம் நாட்டு ஆசிரியர்கள் போவது புதிதல்ல. 1941இல் இத்தாலியர்களிடமிருந்து விடுபட்ட எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி பள்ளிகளை மீண்டும் எழுப்பினார். உயர்நிலைக் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. கற்பிக்க ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். கேரளத்தவர் மிகுதி, தமிழரும் உண்டு. அவர்கள் ஒப்பந்தத்தின்பேரில் சம்பளத்துக்குப் போனவர்கள். ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். 1974இல் பேரரசர் ஆட்சி கவிழ்ந்தபின் பலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர்.

தொண்டராகப் போகும் வழக்கம் மேல்நாட்டாருடையது. பிரிட்டனில் 1958இலும், அமெரிக்காவில் 'அமைதிப் படை' என்ற பெயரில் 1961இலும் இதற்கான அமைப்புகள் தோன்றின. அவற்றின் தொண்டர்கள் ஓராண்டு, ஈராண்டு தங்கினர். செலவை அனுப்பிய அமைப்பு ஏற்றது. தொண்டரே பணம் கட்டிச் சில வாரம் போய்வரும் முறை பின்னால் பெருகியது.

வகுப்பறை எப்படி?

தேவை உண்மைதான். தொடக்கக் கல்வியை உகாண்டா 1997இலும் கென்யா 2003இலும் இலவசமாக்கியபோது வகுப்புகள் நிரம்பி வழிந்தன. ருவாண்டா 2008இல் பிரெஞ்சை விட்டு ஆங்கில வழிக்கு மாற முடிவு செய்தது. ஆசிரியர்களே புதிதாக ஆங்கிலம் கற்க வேண்டியதாயிற்று. தான்சானியாவில் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஏழாண்டு சுவாஹிலியில் படித்த பிள்ளை, உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்ததும் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியிலும் ஆபீசிலும் ஆங்கிலத்தில் தடுமாறிய நமக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியும். பிறவியிலேயே ஆங்கிலம் பேசுகிறவருக்குத் தெரியாத ஒன்று இது.

வேறு நெருக்கங்களும் உண்டு. சுவாஹிலிச் சொற்கள் தெலுங்கைப் போலவே உயிரெழுத்தில் முடியும். பஸ்ஸை 'பாசி' என்பார்கள். வண்டி 'காரி', கடை 'டுகா', புத்தகம் 'கிடாபு'. ஐதராபாத் தெருவில் பழகிய காதுக்கு இவை அன்னியமல்ல. மக்காச்சோள மாவில் கிண்டும் 'உகாலி' நம் களிக்கு உறவு. நம் கேழ்வரகே அந்த மேட்டு நிலங்களில் தோன்றி இங்கு வந்த தானியம்தான்.

நேரக் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். நாம் நாழிகையை உதயத்திலிருந்து எண்ணியதுபோல, சுவாஹிலி பேசுவோரும் எத்தியோப்பியரும் விடிந்த பிறகே மணியை எண்ணத் தொடங்குவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பள்ளி "இரண்டு மணிக்கு" என்றால் காலை எட்டுக்குப் போய் நிற்க வேண்டும்!

பணம் எங்கே போகிறது?

தங்குமிடம், சாப்பாடு என்று கொஞ்சம் செலவு இருக்கத்தான் செய்யும். ஆகவே பணம் கேட்பதெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு கேட்க வேண்டும். பள்ளிக்கு எவ்வளவு, இடையில் இருப்பவருக்கு எவ்வளவு என்று எழுத்தில் தரட்டும். பள்ளியின் தலைமையாசிரியருடன் நேரில் பேசவிட மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பிள்ளைகள் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஓர் ஆசிரியர் மாறினால் ஒவ்வொரு முறையும் பாடம் முதலிலிருந்து தொடங்கும். சம்பளமில்லாமல் வெளியாள் கிடைத்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியரின் வேலைக்கும் இடைஞ்சல்.

சுற்றுலா விசாவில் போய்க் கற்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பளமில்லாத வேலைக்கும் அந்நாட்டு அனுமதி தேவை. போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். நாராயணகுடா நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தில் போடுகிறார்கள். சான்று இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 1970இல் ஏற்படுத்திய தொண்டர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. தேர்வானால் வாழ்க்கைப்படியும் உண்டு. படிப்போடு அனுபவமும் கேட்பார்கள்.

பக்கத்திலேயே ஒரு வழி

அமீர்பேட்டில் நாகோல் பக்கம் போகும் மெட்ரோ ஏறித் தார்நாகாவில் இறங்கினால் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் தூரமில்லை. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கே அங்கு பயிற்சி உண்டு. 1964இல் தொடங்கிய இந்திய அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் ஆப்பிரிக்க நாட்டவரும் அங்கு வந்து ஆங்கிலம் பயில்கிறார்கள். நாம் ஏறிப் போக நினைக்கும் விமானத்தில் அவர்கள் இங்கே இறங்குகிறார்கள்!

இவற்றையெல்லாம் அந்த வீட்டில் சொன்னேன். பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, செலவுக் கணக்கும் தலைமையாசிரியரின் தொடர்பும் கேட்டு அந்த அலுவலகத்துக்கு எழுதினார். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. "போகாமல் இருக்கப் போவதில்லை சார், இன்னும் இரண்டு வருடம் இங்கே நன்றாக நடத்திக் கற்றுக்கொண்டு, முழு வருடம் தங்குகிற மாதிரி போவேன்" என்றார்.

தந்தை சீட்டை எடுக்கவில்லை.

— நமது நிருபர்