களஞ்சியம் கட்டினால் நகரம் ஏன் வேகமாக வளர்கிறது?

"இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று சொல்லிச் சொல்லியே நள்ளிரவு தாண்டி விளையாடியவரா நீங்கள்? வரிசையாகப் படைவீரர்களை உருவாக்கிவிட்டுத் தலைநகரைப் பார்த்தால், மக்கள்தொகை ஒன்று குறைந்திருக்கும். யாரும் தாக்கவில்லை. சாப்பாடு தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்!

1991இல் அறிமுகமான 'சிவிலைசேஷன்' வியூக விளையாட்டில் நகர வளர்ச்சிக்கு அடிப்படையே உணவுதான். அது எப்படி வேலை செய்கிறது?

உணவுக் கணக்கு என்ன?

2005இல் வெளிவந்த 4ஆம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகையின் ஒவ்வோர் அலகும் சுற்றுக்கு 2 உணவு சாப்பிடும். மிச்சம் இருந்தால் அது கிடங்கில் சேரும். கிடங்கு நிரம்பினால் மக்கள்தொகை ஒன்று கூடும். பிறகு கிடங்கு காலி! மறுபடியும் முதலிலிருந்து சேர்க்கவேண்டும்.

நகரம் பெரிதாகப் பெரிதாகக் கிடங்கும் பெரிதாகும். சாதாரண வேகத்தில் ஆடும்போது 1இலிருந்து 2ஆக வளர 22 உணவு போதும். 5இலிருந்து 6ஆக வளர 30 தேவை.

களஞ்சியம் என்ன செய்யும்?

களஞ்சியம் இருந்தால், நகரம் வளர்ந்த பிறகும் பாதி உணவு மிஞ்சும்.

சுற்றுக்கு 4 உணவு மிச்சமாகும் நகரம் ஒன்று 4இலிருந்து 5ஆக வளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வளர்ச்சிக்கு:

- களஞ்சியம் இல்லாமல்: 30 உணவு, 8 சுற்றுகள்
- களஞ்சியத்துடன்: ஏற்கனவே 14 இருப்பதால் இன்னும் 16 மட்டுமே, 4 சுற்றுகள்

நேரம் பாதியாகிவிட்டது, பார்த்தீர்களா? ஒரு வயல்கூடப் புதிதாகப் போடவில்லை.

எதிரி வந்தால்?

எதிரிப் படை நிற்கும் வயலில் உங்கள் மக்கள் வேலை செய்யமுடியாது. வரவு குறையும், வாய்கள் குறையாது. பற்றாக்குறையைக் கிடங்கு ஈடுகட்டும். அதுவும் தீர்ந்தால் மக்கள்தொகை ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். கையிருப்பு இருந்தால், உதவிப் படை வந்துசேரும் வரை சில சுற்றுகள் தாக்குப்பிடிக்கலாம்.

உணவு மட்டும் போதுமா?

போதாது. 4ஆம் பாகத்தில் நகரில் நெரிசல் கூடினால் சுகாதாரம் கெடும், உணவும் வீணாகும்.

2016இல் வந்த 6ஆம் பாகத்தில் வீட்டு வசதியும் சேர்ந்துகொண்டது. ஆற்றோரம் அமைந்த நகரத்துக்கு 5 வீட்டு வசதி கிடைக்கும், தண்ணீர் இல்லாத இடத்தில் 2தான். வசதி எல்லையை நெருங்கும்போது வளர்ச்சி பாதியாகும், எல்லையைத் தொட்டால் கால்வாசிதான். இந்தப் பாகத்தில் களஞ்சியம் 1 உணவோடு 2 வீட்டு வசதியும் தரும்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. நம்மிடம் வயல்கள் குறைவு. அதனால்தான் இங்கே அரிசிக் கையிருப்புத் திட்டம் இருக்கிறது. அதன்படி, நம் வீட்டுப் பொன்னி, பாஸ்மதி உள்ளிட்ட அரிசி வகைகளைக் கொண்டுவரும் இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கைக் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும்.

திரையில் களஞ்சியத்தைத் தள்ளிப்போட்டால் ஆட்டம்தான் போகும், மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். நிஜ நகரத்தில் அந்த வசதி கிடையாது.