பக்கவாதத்துக்குப் பின் வீட்டை எப்படி மாற்றுவது?

பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஹாலில் கட்டிலைப் போட்டு, "நீங்க எதுவும் செய்ய வேணாம், பேசாம படுத்திருங்க" என்று சொல்லிவிடுவார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் செயலிழந்த கையும் காலும் தேற வேண்டுமானால் அவற்றுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை மறந்ததை மறுபடி கற்கிறது. குளிப்பது, உடுத்துவது, காபி போடுவது எல்லாமே பயிற்சிதான்.

அதற்கு வீட்டை அறை அறையாகப் பார்க்காமல் வேலை வேலையாகப் பார்க்க வேண்டும். ஒரு வேலைக்கு வேண்டிய சாமான் அத்தனையும் ஒரே இடத்தில், உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும்.

ஒரு காபிக்கு எத்தனை நடை?

பால் ஃப்ரிட்ஜில், சர்க்கரை மேல் தட்டில், டம்ளர் பாத்திரக் கூடையில். நமக்கு இது உறைப்பதே இல்லை. ஒரு கையில் கோலூன்றி நடப்பவருக்கு இதுவே பெரிய பாடு. எல்லாவற்றையும் அடுப்புமேடையின் ஒரு மூலைக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கட்டும். திருகுமூடி டப்பாக்களை மாற்றிவிடுங்கள். ஈரத்துணியை மடித்து அடியில் வைத்தால் பாத்திரம் நகராது. பால் பாக்கெட்டை ஒரு சொம்புக்குள் நிறுத்தி, கத்தரிக்கோலால் ஒற்றைக் கையிலேயே முனையை வெட்டலாம். காபியை அங்கேயே உட்கார்ந்து குடிக்கட்டும். சூடான டம்ளரோடு நடக்க வேண்டாம். அடுப்பைப் பற்றவைக்கும்போது மட்டும் ஆரம்பத்தில் ஒருவர் கூட இருங்கள்.

குளியலறை

விழுந்து எலும்பு முறிந்தால் தேறியதெல்லாம் வீணாகிவிடும். சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள்; துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. உட்கார்ந்து குளிக்க, வழுக்காத நாற்காலி போடுங்கள். வாளியை ஒரு முக்காலியில் வைத்தால் குனிய வேண்டாம். சோப்பும் துண்டும் நல்ல கைப்பக்கம் இருக்கட்டும். பாதித்த கைக்குச் சூடு தெரியாமல் போகலாம். வெந்நீரை எப்போதும் நல்ல கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உடையும் மாத்திரையும்

அன்றாடத் துணிகளை பீரோவிலிருந்து எடுத்து, அவர் உட்கார்ந்து உடுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். மாத்திரைப் பெட்டி, தண்ணீர் இரண்டும் சாப்பிடும் இடத்திலேயே இருந்தால் வேளை தவறாது.

இடப்பக்கம் கவனத்தில் இல்லாதபோது

மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கமே கவனத்தில் வராது. தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும். இடது தோள் கதவில் இடிக்கும். இதைப் பிடிவாதம் என்று கோபிக்கவே கூடாது. கண்ணாடி, செல்போன், தண்ணீரை வலப்பக்கம் வையுங்கள். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குவது எப்படி என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது?

முதலில் அவரிடமே கேளுங்கள், எந்த வேலையைத் தானே செய்ய ஆசைப்படுகிறார் என்று. அந்த வேலைக்கான இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வருபவரைக் கட்டிலோடு அனுப்பிவிடாமல், அடுப்படியையும் குளியலறையையும் காட்டி யோசனை கேளுங்கள்.